மூட்டை மட்டும்தான் எடை

என் வயிற்றைப் பற்றி டாக்டர் கேட்ட முதல் கேள்விக்கு என் கணவர் பதில் சொன்னார்.

சேலத்தில் ஆஸ்பத்திரிகள் வரிசையாக நிற்கும் ஒரு தெருவில், மாடியில் இருந்த ஒரு சின்ன அறை. டாக்டர் என்னைப் படுக்க வைத்து, இருமச் சொல்லி, அடிவயிற்றில் இரண்டு விரலை வைத்துப் பார்த்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பினார். "வெயிட் ஏதாவது தூக்குவீங்களாம்மா?" என்று என்னிடம்தான் கேட்டார். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாயைத் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து பதில் போய்விட்டது.

"அதெல்லாம் இல்லீங்க டாக்டர். மூட்டை தூக்கறதுக்கு ஆளு இருக்குதுங்க. இவ ஊட்டுலதானுங்க இருக்கறா."

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். என் முகத்தை அவர் மறுபடி பார்க்கவில்லை. அதற்கப்புறம் அந்த அறையில் நடந்த பேச்செல்லாம் அவர்கள் இருவருக்கும் இடையில்தான் நடந்தது. வயிறு மட்டும் என்னுடையது.

என் கணவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். மனதறிந்து அவர் பொய் சொல்கிறவர் இல்லை. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகிற வழியில் எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை இருக்கிறது. மக்காச்சோளம், புண்ணாக்கு, தவிடு என்று எல்லாமே ஐம்பது கிலோ மூட்டையாக லாரியில் வந்து இறங்கும். முப்பது வருடமாக மூட்டையோடு பழகிய மனிதருக்கு வெயிட் என்றால் மூட்டைதான். மூட்டையாக வராத எதுவும் அவர் கணக்கில் வெயிட்டே இல்லை. தண்ணீர்க் குடம் தண்ணீர், கேஸ் சிலிண்டர் கேஸ், அவ்வளவுதான். நான் மூட்டை தூக்குவதில்லை என்பது சத்தியமான உண்மை. அந்த உண்மையை வைத்துத்தான் என் வயிற்றைக் கிழித்துத் தைத்தார்கள்.

அந்தப் புடைப்பு தொடக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழ அளவுதான் இருந்தது. என் இரண்டாவது பிள்ளையை அவசரமாக எடுத்தபோது மேலிருந்து கீழாக ஒரு வெட்டுப் போட்டிருந்தார்கள். அந்தத் தழும்பின் ஓரத்தில்தான் அது எட்டிப் பார்த்தது. படுத்தால் உள்ளே போய்விடும், எழுந்தால் வெளியே வந்துவிடும். தும்மினால் துள்ளும். தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிவிட்டு எழுந்திருக்கும்போது, ஒரு கையைத் தரையில் ஊன்றி இன்னொரு கையால் அதை அமுக்கிக்கொள்ள வேண்டும். தீவனம் அரைக்கிற நாட்களில் பண்ணைத் தூசி வீடு வரைக்கும் வரும், எனக்கு இருமல் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு இருமலுக்கும் இடது கை தானாக வயிற்றுக்குப் போய்விடும். சேலை கட்டுகிறவளுக்கு அதில் ஒரு வசதி உண்டு. பார்க்கிறவர்களுக்குக் கொசுவத்தைச் சரிசெய்வது போலத்தான் தெரியும். ஒரு வருடம் அப்படியே கொசுவத்தைச் சரிசெய்துகொண்டே காலத்தை ஓட்டினேன். பிறகு ஒரு நாள் படுத்தும் அது உள்ளே போகவில்லை. வலியில் உயிர் போயிற்று. அப்போதுதான் சேலம் போனோம்.

இந்த நோய் எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. அதற்கு மூன்று வருடம் முன்பு என் கணவருக்கும் இதே குடலிறக்கம்தான் வந்தது, தொடை மடிப்பில். மூட்டை இறக்கும் ஆள் வராத ஒரு காலை, லாரி டிரைவர் அவசரப்படுத்துகிறான் என்று தானே முதுகைக் கொடுத்து நாலு மூட்டை இறக்கினார். எந்த மூட்டையில் அது வந்தது என்பதுகூட ஊருக்கே தெரியும். ஆபரேஷன் முடிந்து வந்ததும் வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் அலமாரியில் இடமில்லாமல் தரையில் இருந்தன. "ஒழைச்ச ஒடம்பு, பாவம்" என்றார்கள். குத்தவைத்து உட்காரக்கூடாது என்று டாக்டர் சொன்னதால், ஒரே வாரத்தில் கொத்தனார் வந்து பழைய கக்கூஸை இடித்துவிட்டு வெஸ்டர்ன் டாய்லெட் வைத்துக் கொடுத்தார். மூன்று மாதம் வெயிட் தூக்கக்கூடாது என்றார்கள். அந்த மூன்று மாதம் மூன்று வருடத்தையும் தாண்டிவிட்டது. இன்றைக்கும் அவர் ஒரு வாளித் தண்ணீர் நகர்த்துவதில்லை. "எனக்கு ஆபரேசன் ஆன வயிறு" என்பார். யாரும் அதை மறுத்துப் பேசியதில்லை. நானும் பேசியதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு ஆபரேஷன் ஆனபோதும் ஆட்கள் வந்தார்கள். ஆப்பிளும் வந்தது. ஆனால் கூடவே புத்திமதியும் வந்தது. "சிசேரியன் பண்ணுன ஒடம்புன்னா அப்படித்தான் அம்மிணி" என்றார் ஒருவர். "சோத்தைக் கொஞ்சம் கொறைச்சுக்கோ, வயித்துல எடம் வேணுமல்லோ" என்றார் இன்னொரு பெண்மணி, என் வீட்டுப் பணியாரத்தை என் கண் முன்னாலேயே தின்றுகொண்டு. என் கணவருக்கு வந்தது உழைத்ததால் வந்தது. எனக்கு வந்தது தின்றதால் வந்தது, பெற்றதால் வந்தது. ஒரே ஓட்டை, அதை அடைக்க உள்ளே வைக்கிற ஒரே வலை, ஒரே தையல், ஆனால் காரணம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. அந்த அம்மாளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தால் தையல் இழுக்கும், கோபப்பட்டாலும் இழுக்கும் என்று அப்போதுதான் கண்டுபிடித்திருந்தேன்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டர் சொன்னது ஒரே வாக்கியம். "மூணு மாசத்துக்கு வெயிட் தூக்கக்கூடாது." என் கணவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பண்ணைக்குப் போய், மூட்டை இறக்குகிற இரண்டு பேரிடமும் கறாராகச் சொன்னார். "அம்மா மூட்டைப் பக்கமே வரக்கூடாது. வந்தாலும் தொட வுடாதீங்க." சமையல்கட்டில் இருந்த அரிசி மூட்டையைக்கூடத் தூக்கிக்கொண்டு போய் ஸ்டோர் ரூமில் வைக்கச் சொன்னார். என் மேல் அக்கறை இல்லாமல் இல்லை. நான் வாழ்க்கையில் ஒரு தடவைகூடத் தூக்கியிராத ஒரு பொருளிடமிருந்து என்னை அவ்வளவு அக்கறையாகக் காப்பாற்றினார்.

இனி, நான் தூக்கியது எதை என்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் எனக்கு இவ்வளவு நாளாயிற்று.

என் மாமனாருக்கு வாதம் வந்து இரண்டு வருடமாகிறது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு மெதுவாக வரும், ஆனால் தெளிவாக வரும். நிற்க முடியாது. காலையில் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து டாய்லெட்டுக்கு, அங்கிருந்து திரும்ப நாற்காலிக்கு, மத்தியானம் கட்டிலுக்கு, சாயங்காலம் மறுபடி நாற்காலிக்கு, ராத்திரி படுக்கைக்கு. ஒரு நாளைக்கு ஆறு தடவை. அவர் அக்குள் இரண்டிலும் என் கையைக் கொடுத்து, என் முழங்காலை அவர் முழங்காலுக்கு முட்டுக் கொடுத்து நிற்பேன். அவர் "ஒன்னு, ரெண்டு" என்பார். மூன்றுக்கு நான் தம் கட்டி ஒரே எழுப்பாக எழுப்புவேன்.

தம் கட்டுவது எங்கள் பக்கத்தில் நடக்கக் கற்றுக்கொள்வது போல ஒன்று. குடத்தை இடுப்பில் ஏற்றும்போதும், மாட்டுக்குச் சோளத்தட்டுக் கட்டைத் தலைக்குத் தூக்கும்போதும், இறுகிப்போன மூடியைத் திறக்கும்போதும் மூச்சை உள்ளே இழுத்து, வாயை மூடி, வயிற்றைக் கல்லாக்கிக்கொண்டுதான் செய்வோம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. தம் கட்டாமல் தூக்குகிறவளை ஏதோ விளையாட்டுக்குத் தூக்குகிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

ஆபரேஷன் ஆன பதினைந்து நாள், என் நாத்தனாரும் அவர் வீட்டுக்காரரும் வந்து தங்கி மாமனாரைப் பார்த்துக்கொண்டார்கள். இருவரும் சேர்ந்து தூக்கினார்கள். பதினாறாம் நாள் அவர்களுக்கு அவர்களுடைய காடு, மாடு. "நங்கை, இனி நீங்க பாத்துக்குவீங்கல்ல?" என்று என்னிடம் கேட்டுவிட்டு பஸ் ஏறினார் நாத்தனார். கேட்ட விதத்திலேயே பதிலும் இருந்தது. அன்று மத்தியானம் மாமனார் "ஒன்னு, ரெண்டு" என்றார். நான் தம் கட்டினேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். டாக்டர் கேட்டபோதே, "ஆமாங்க, என் மாமனாரைத் தூக்கறேன்" என்று சொல்லியிருக்கலாமே என்று. சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும். வீட்டுப் பெரியவரை ஒரு பாரம் என்று, அவர் மகன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, மூன்றாம் மனிதரிடம் எந்த மருமகள் சொல்வாள்? மூட்டையை வெயிட் என்று சொல்லலாம். மாமனாரை வெயிட் என்று சொன்னால் நம் மனசே நம்மைக் காறித் துப்பும். அதுவும் அவர் என்னை ஒரு நாளும் சுடுசொல் சொல்லாதவர். கூலிக்கு ஆள் வைத்துத் தூக்கலாமே என்றால், மாமனாரை வெளியாள் கையில் விட்டுவிட்டாள் என்று ஊர் பேசும். இப்படி ஆளாளுக்கு மரியாதை பார்த்துப் பார்த்து, கடைசியில் மரியாதை இல்லாமல் போனது என் வயிற்றுக்குத்தான்.

நாலாவது மாதம் அது மறுபடி வந்தது. இந்தத் தடவை எலுமிச்சம்பழம் இல்லை, ஆரஞ்சு. டாக்டர் தொட்டுப் பார்த்த உடனே அவர் முகம் மாறிவிட்டது.

"வெயிட் தூக்கினீங்களா?"

"மூட்டைப் பக்கமே வுடலீங்களே டாக்டர்" என்றார் என் கணவர். உண்மையிலேயே அவர் திகைத்துப் போயிருந்தார்.

"அப்புறம் எப்படி வலை விலகும்? சொன்னா கேக்கறதே இல்ல" என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். திட்டுவதற்கு மட்டும் நான் அவர் கண்ணுக்குத் தெரிந்தேன். இனிச் செய்யப்போவது முதலில் செய்தது போல் சுலபமில்லை என்றும், அதுவும் விட்டுப்போனால் அதற்கப்புறம் தைப்பதற்கு அங்கே நல்ல சதை இருக்காது என்றும் சொன்னார். தேதி குறிப்பதற்கு முன்னால் கீழ்த்தளத்தில் பிசியோதெரபிஸ்ட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். படி இறங்கும்போது என் கணவர் என் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் அவருக்குத் தெரியாமல் திருட்டுத்தனமாக மூட்டை தூக்கியிருப்பேனோ என்ற சந்தேகம் அவருக்கு வந்திருந்தது. அதைப் பின்னால் அவரே ஒப்புக்கொண்டார்.

கீழே இருந்தது ஒரு சின்னப் பெண். என் மகளை விட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். என் கணவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து எழச் சொன்னாள். எழுந்தேன்.

"அக்கா, எந்திரிக்கும்போது மூச்சை என்ன பண்ணுனீங்க?"

இந்தக் கேள்வியை என் ஆயுளில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தேன். "தம் கட்டுனேன்" என்றேன்.

என் உள்ளங்கையை எடுத்து அந்தப் புடைப்பின் மேல் வைத்து, மறுபடி அதே மாதிரி எழச் சொன்னாள். கைக்கு அடியில் அது திமிறிக்கொண்டு வந்து முட்டியது. அடுத்து, ஊதுகிற மாதிரி வாய் வழியாக மூச்சை விட்டுக்கொண்டே எழச் சொன்னாள். இந்தத் தடவை முட்டல் பாதிகூட இல்லை. நான் நம்பாமல் மூன்று தடவை செய்து பார்த்தேன்.

"வயிறு ஒரு மூடின பை மாதிரிக்கா. மேல மூச்சை அடைச்சுட்டு, சுத்திச் சதையையும் இறுக்கிட்டா, உள்ள இருக்கிற அழுத்தம் எங்க போகும்? எந்த எடம் பலவீனமா இருக்கோ அங்கதான் போய் இடிக்கும். இருமுனாலும் இடிக்கும். டாய்லெட்ல முக்குனாலும் இடிக்கும். கீழ உக்காந்து எந்திரிச்சாலும் இடிக்கும். தம் கட்டி வெயிட் தூக்குனா கேக்கவே வேண்டாம்." அவள் பேனாவை எடுத்தாள். "சரி, ஒரு நாளைக்கு என்னென்ன தூக்குவீங்க?"

நான் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல எனக்கே கோபம் ஏறிக்கொண்டு வந்தது. அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கடைசியில், குரலைத் தாழ்த்தி, மாமனாரையும் சொன்னேன். யாரையோ காட்டிக் கொடுப்பது மாதிரி இருந்தது.

"எல்லாத்தையும் எத்தனை கிலோ, எத்தனை தடவைன்னு ஒரு பேப்பர்ல எழுதிட்டு வாங்கக்கா. அது மாறாம தேதி வெச்சா, திரும்பவும் பிஞ்சுதான் போகும்" என்றாள்.

எடை போடுவதற்கா எங்கள் வீட்டில் பஞ்சம்? தீவனம் கலக்கிற கொட்டகையில், சிவப்பு எழுத்து மின்னுகிற தராசு ஒன்று தரையோடு கிடக்கிறது. கோழிக்குப் போகிற தவிடு, சுண்ணாம்புத்தூள் எல்லாம் கிலோவுக்குக் கிலோ அளந்துதான் போகும். கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் முட்டை ஓடு கெட்டுவிடும் என்று என் கணவர் ராத்திரி தூங்காமல் கவலைப்படுவார். அந்தத் தராசில் நான் மறுநாள் நிறைகுடத்தைக் கொண்டுபோய் வைத்தேன். பதினைந்து. ஈரத்துணி வாளி பன்னிரண்டு. மாட்டுத் தட்டுக்கட்டு பத்தொன்பது. நிறைந்த சிலிண்டரை ஒரு சாக்கில் படுக்க வைத்து இழுத்துக்கொண்டு போனேன். முப்பதுக்குக் கொஞ்சம் குறைவு. மூட்டை இறக்குகிற இருவரும் வேலையை விட்டுவிட்டு என்னை வேடிக்கை பார்த்தார்கள். ஒவ்வொன்றையும் மகளுடைய பழைய நோட்டிலிருந்து கிழித்த தாளில் எழுதிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் மாமனாரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய், வழக்கம்போல் கொட்டகை முன்னால், கயிற்றுக் கட்டிலுக்குப் பக்கத்தில் விட்டிருந்தேன். அந்த நேரம் கோழிகளின் சத்தம் கொஞ்சம் அடங்கியிருக்கும், அவருக்கு அது பிடிக்கும். நாமக்கல் போயிருந்த என் கணவர் திரும்பி வந்தார். தராசில் குடம் இருப்பதைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏம்புள்ள, தண்ணியையா நிறுத்தற?"

நான் தாளை நீட்டினேன். தீவனக் கலவைச் சீட்டைப் படிப்பது மாதிரி மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தார். பிசியோதெரபிஸ்ட் சொன்னதையும் சொன்னேன்.

"நெனைச்சதுக்கு எச்சாத்தான் இருக்குது" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். கொஞ்சம் யோசித்தார். "ஆனா எல்லாமே மூட்டைக்குக் கீழதான புள்ள?"

அந்த நிமிடம் எனக்கு வந்த கோபத்தை எந்தத் தராசில் வைப்பது என்று எனக்கே தெரியவில்லை. நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து மாமனாரின் குரல் வந்தது.

"என்னையுங்கூட நிறுத்திப் பாரு சாமி."

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். என் கணவர் அதை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டார். மூட்டை இறக்குகிறவர்களைக் கூப்பிட்டு நாற்காலியோடு தராசில் ஏற்றச் சொன்னார். எழுபத்திரண்டு என்று சிவப்பாக வந்தது. இவ்வளவு காலம் லாரிக்கு எடை போட்ட பழக்கம், உடனே அவர் வாயில் வந்துவிட்டது.

"காலி எடை பாக்கோணுமல்லோ. நாற்காலியைத் தனியா வெச்சுப் பாத்தாத்தான் தெரியும்." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அப்பனைச் சித்த எடுத்து அந்தக் கட்டில்ல உக்கார வை புள்ள."

கையில் அந்தத் தாளோடு நான் நிற்கிறேன். என் சேலைக்கு அடியில் ஆரஞ்சு அளவுக்குக் குடல் பிதுங்கிக்கொண்டு நிற்கிறது. ஒரு மாதத்தில் மறுபடி கிழிக்கப்போகிறார்கள். இந்த மனிதர், தூக்க முடியாத ஆளின் எடையைக் கண்டுபிடிக்க, அவரைத் தூக்கச் சொல்லி என்னைக் கூப்பிடுகிறார். கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் கண்ணில் ஒரு சூதும் இல்லை. பழக்கம், அவ்வளவுதான். அதுதான் என்னை அதிகமாகச் சுட்டது.

நான் நகரவில்லை. "நீங்க எடுங்க" என்றேன்.

"எனக்கு ஆபரேசன் ஆன வயிறு புள்ள."

சொல்லி முடிப்பதற்குள் அது அவர் காதிலேயே விழுந்துவிட்டது. மூட்டை இறக்குகிற இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

"அப்ப என்ற வயிறு என்னங்க, தகர டப்பாவுங்களா?"

கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில், வேலை ஆட்கள் முன்னால் நான் அவரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. கத்தவில்லை. கத்தினால் வயிறு முட்டும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். மூச்சை விட்டுக்கொண்டே, மெதுவாகத்தான் சொன்னேன். அதனாலோ என்னவோ நன்றாகக் கேட்டது.

இருவரில் மூத்தவர் முன்னால் வந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மாமனார் முன் குனிந்து, "ஏனுங்கய்யா, எடுக்கட்டுங்களா?" என்று கேட்டார். மாமனார் நல்ல கையை அவர் தோளில் போட்டார். "ஹ்ம்" என்று ஒரு சத்தம், மூச்சு வெளியே போகிற சத்தம். அவ்வளவுதான், அடுத்த நொடி மாமனார் கட்டிலில் இருந்தார். அந்தச் சத்தத்தை எத்தனை வருடமாகக் கேட்டிருக்கிறேன். மூட்டை இறக்குகிறவர்கள் அலுப்பில் முனகுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ, எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

நாற்காலி மட்டும் பதினெட்டு. என் கணவர் மனக்கணக்கில் கழித்தார். உதடு அசைந்தது தெரிந்தது.

"அம்பத்தி நாலு" என்றார். பிறகு, யாரிடம் என்றில்லாமல், "மூட்டைக்கு மேல நாலு கிலோ எச்சு."

தாளை என் கையிலிருந்து வாங்கி, அவரே கடைசி வரியை எழுதினார். எத்தனை தடவை என்று கேட்டார். ஆறு என்றேன். எழுதிவிட்டு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆறு மூட்டை, தினமும், வயிற்றைக் கிழித்த பதினாறாம் நாளிலிருந்து. அதை அவர் வாய் சொல்லவில்லை, முகம் சொல்லிற்று.

அவர் முகம் வாடியதைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முதுகு விட்டுப்போகிறது, அடிவயிறு இழுக்கிறது என்று எத்தனை சாயங்காலம் இதே மனிதரிடம் சொல்லியிருக்கிறேன். "படுத்து எந்திரிச்சாச் சரியாப் போயிரும்" என்பார். நான் வாயால் சொன்னது புலம்பல், தராசு சிவப்பு எழுத்தில் சொன்னது உண்மை. அந்த மெஷினுக்குக் கிடைத்த நம்பிக்கையில் கால்வாசி எனக்குக் கிடைத்திருந்தால் போதும்.

மாமனார் கட்டிலில் இருந்தபடி மகனிடம், "நாளையிலிருந்து இந்தத் தம்பியவே வரச் சொல்லு" என்றார். வெளியாள் தொட்டால் அவருக்குக் கூச்சமாக இருக்கும், ஊர் பேசும் என்றெல்லாம் நாங்கள்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். இரண்டு வருடத்தில் அவரை ஒரு தடவைகூட நாங்கள் கேட்கவில்லை. என் வயிற்றைப் பற்றி என்னை யாரும் கேட்காத மாதிரியேதான் அதுவும்.

மறுநாளிலிருந்து அந்த அண்ணன் ஆறு தடவையும் வருகிறார். ஊர் இரண்டு நாள் பேசியது, மூன்றாம் நாள் வேறு பேச்சு வந்துவிட்டது. குடிதண்ணீருக்கு சமையல்கட்டுக்குள்ளேயே குழாய் வந்தது. வெஸ்டர்ன் டாய்லெட் வைக்க ஆன அதே ஒரு வாரம்தான் இதற்கும் ஆயிற்று. அந்த ஒரு வாரத்தை இருபத்தெட்டு வருடமாக யாராலும் ஒதுக்க முடியவில்லை. சொந்தக்காரர்கள் வந்தால் என் கணவர் அந்தத் தாளை எடுத்துக் காட்டுகிறார். "நாந்தான் நிறுத்திப் பாத்தேன்" என்று ஆரம்பிக்கிறார். நான் உள்ளே போய்விடுவேன்.

இரண்டாவது ஆபரேஷன் நடந்தது. முதல் வெட்டுக்கு மேலேயே, அதைவிட நீளமாக. தைத்த இடம் இன்றுவரை நிற்கிறது. இருமும்போது கை இன்னும் தானாக அங்கே போகிறது, ஆனால் உள்ளங்கையில் எதுவும் வந்து முட்டுவதில்லை. டிஸ்சார்ஜ் அன்று அதே டாக்டர் அதே வாக்கியத்தைச் சொன்னார். "மூணு மாசத்துக்கு வெயிட் தூக்கக்கூடாது." சொல்லிவிட்டு அடுத்த ஃபைலை எடுக்கப் போனார்.

"எத்தனை கிலோங்க டாக்டர்?" என்று கேட்டார் என் கணவர்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. "அஞ்சு கிலோவுக்கு மேல வேண்டாம்" என்றார்.

"அஞ்சா" என்று என் கணவர் மெதுவாகச் சொன்னார். அவர் மனதில் குடம், வாளி, சிலிண்டர், அப்பன் என்று வரிசையாக வந்துபோனது எனக்குத் தெரிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவரைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டேன். அந்த ஒரு கேள்வியை முதல் தடவையே கேட்டிருந்தால், என் வயிற்றில் ஒரு வெட்டு குறைவாக இருந்திருக்கும்.